வெறுங்கம்பி இருபது கிலோ

முருகனைக் கூப்பிடுவதை நிறுத்தி
நாலு மாதமாகிறதாம்.
நான் கவனிக்கவில்லை.
பக்கத்து கவுன்ட்டர் குணசுந்தரிதான் சொன்னாள்:
"எழுந்திருக்கும்போது உங்களுக்கு
ஒரு முருகா வருமேக்கா,
இப்ப வர்றதில்ல."

எண்ணிப் பார்த்தேன்.
கட்டிலைவிட்டு இறங்க ஒன்று,
குளியலறையில் ஒன்று,
முதுநகர் தபால் நிலையத்தின்
கீழ்த்தட்டு ரிஜிஸ்டருக்குக் குனிந்து நிமிர
ஒன்றோ இரண்டோ,
டவுன் பஸ்ஸின் முதல் படிக்கென்றே தனியாக ஒன்று.
நாளுக்கு முப்பது முறையாவது
வண்டிப்பாளையத்திலிருந்து அவனை வரவழைத்திருக்கிறேன்
முழங்காலுக்கு முட்டுக்கொடுக்க.

லாரன்ஸ் ரோட்டில் மெத்தைக் கடைக்கு மேலே
பெண்களுக்கு ஆறிலிருந்து ஏழு.
முதல் நாள் அந்த மாடிப்படியே போதுமென்றிருந்தது.
ஏஞ்சலின் கம்பியைக் காட்டி
"இது இருபது கிலோ மேடம்" என்றாள்.
"இன்னும் எதுவும் மாட்டலையே?"
"மாட்டாமலே இருபது."

மனசுக்குள் நான் அரிசியாகத்தான் கணக்கு வைத்தேன்.
சித்திரையில் வெறுங்கம்பி:
சிப்பத்துக்கு ஐந்து கிலோ குறைச்சல்.
ஆடியில் முழுச் சிப்பம்.
ஐப்பசி பிறந்தபோது இரண்டு சிப்பம்,
தரையிலிருந்து இடுப்புவரை,
முதுகு வளையாமல்.

எடை மெஷின் மட்டும் அசைந்து கொடுக்கவில்லை.
அன்றைக்கும் எழுபத்தொன்று,
இன்றைக்கும் எழுபத்தொன்று.
"மாசம் எண்ணூறு ரூபாய்க்கு
ஒரு கிலோகூடவா குறையல?" என்றார் வீட்டுக்காரர்.
அப்போது நான் ஸ்கூட்டரை
சென்டர் ஸ்டாண்டில் போட்டேன்.
ஒரே மிதி.
அவர் மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டெய்லர் மாசிலாமணி டேப்பை இரண்டு முறை சுற்றினார்.
"கையில அரை இஞ்சு ஏறியிருக்கேம்மா."
"பிரிச்சு விடுங்க."
துக்கம் விசாரிக்கிற முகத்தோடு பிரித்துவிட்டார்.

தண்ணீர் கேனை இப்போது நானே கவிழ்க்கிறேன்,
ஒரு சொட்டுச் சிந்தாமல்.
சரி, கொஞ்சம் சிந்தும்.
ராத்திரி படுத்தால் தூக்கம் வருகிறது.
கியூவில் கத்துகிறவரிடம்
குரல் உயராமல் பதில் வருகிறது;
அதற்கும் கம்பிக்கும் என்ன சம்பந்தமோ,
ஏஞ்சலினுக்கும் தெரியவில்லை.

கார்த்திகையில் டி.வி. முழுக்கக் கடலூர், கடலூர்.
துறைமுகத்தில் கூண்டு ஏற்றிவிட்டார்கள்.
வருஷா வருஷம் இந்த நேரத்தில்
தெருமுனையில் ஆள் தேடுவோம்,
ஃப்ரிட்ஜைத் தூக்கி உயரத்தில் வைக்க.
தலைக்கு இருநூறு, மழை வலுத்தால் ஐந்நூறு.
அன்றைக்கு ஐந்நூறுக்கும் ஆளில்லை.
அவருக்கு சிப்காட்டில் நைட் ஷிஃப்ட்.

எதிர்வீட்டு பல்கீஸைக் கூப்பிட்டேன்.
அவள் ஜிம் வாசலை மிதித்ததில்லை,
மூன்று பிள்ளைகளை இடுப்பில் சுமந்தவள்.
"மூச்சை இழுத்துப் பிடி.
முதுகு நேரா. கையால இழுக்காத,
காலால தரையைத் தள்ளு" என்றேன்.
என் வாயில் ஏஞ்சலின் பேசினாள்.

எழுந்தது.
நாலு ஹாலோ பிளாக்குகளின் மேல்
மெல்ல உட்கார்ந்தது.
உள்ளே தயிர்க் கிண்ணம் ஒன்று கவிழ்ந்த சத்தம்.
"யா அல்லா" என்று சுவரில் சாய்ந்தாள் பல்கீஸ்.
அவளைத் தனியே விட வேண்டாமென்று
நானும் ஒரு முருகா போட்டுவைத்தேன்.

விடிகாலையில் புயல் வடக்கே திரும்பிவிட்டது.
தெருவில் கணுக்கால்கூட நனையவில்லை.
ஷிஃப்ட் முடிந்து வந்தவர்
ஃப்ரீசரில் ஐஸ் எடுக்கக் கை நீட்டி,
எட்டாமல், குதிகாலை உயர்த்தி,
அப்புறம்தான் கீழே பார்த்தார்.
"யாரு தூக்கினது?"

தோசையைத் திருப்பிப் போட்டேன்.
"பல்கீஸ் சாயங்காலம் வருவா.
இறக்கிடுறோம்."